தலைக்கணக்கும் நாள்கணக்கும்: இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் புதிய எல்லைகள்

2025 நவம்பர் 21 அன்று 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019இலும், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவை பற்றிய மற்ற மூன்றும் 2020 செப்டம்பரிலும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. அதன் பிறகு ஐந்தாண்டுகள் அவை ஏட்டளவில் கிடந்தன. சட்டங்களை இப்படித் தொகுக்கலாம் என்று ரவீந்திர வர்மா தலைமையிலான இரண்டாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் 2002இலேயே சொல்லியிருந்தது. அவ்வளவு பழைய யோசனை அமலுக்கு வந்தபோது, அமைச்சகம் அதை விடுதலைக்குப் பிந்தைய மிகப் பெரிய சீர்திருத்தம் என்றது. மத்தியத் தொழிற்சங்கங்களில் பெரும்பாலானவை உரிமைப் பறிப்பு என்றன.

இரண்டு கூற்றுகளிலும் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி யாருக்குப் பொருந்தும் என்பது முன்னுரையிலும் நோக்கவுரையிலும் தெரியாது, எண்களில்தான் தெரியும். தொழிலாளர் சட்டம் எப்போதும் எண்ணிக்கையால் ஆனது. ஓரிடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் ஒரு சட்டம், இருபது பேர் என்றால் இன்னொன்று, நூறு பேர் என்றால் வேறொன்று. ஒருவர் 240 நாள் வேலை செய்திருந்தால் ஒரு நிலை, 480 நாள் என்றால் வேறு நிலை. புதிய தொகுப்புகள் உரிமைகளின் பெயர்களைப் பெரும்பாலும் மாற்றவில்லை. அந்த உரிமைகளுக்குள் யார் நுழையலாம் என்று தீர்மானிக்கும் எண்களை மாற்றியிருக்கின்றன.

நீக்கப்பட்ட பழைய சட்டங்களில் சில சென்னையில் வேர்விட்டவை. 1918 ஏப்ரல் 27 அன்று பக்கிங்காம்–கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். சங்கத் தலைவர்கள் தொழிலாளரைத் தூண்டி வேலை ஒப்பந்தத்தை மீறச் செய்கிறார்கள் என்று ஆலை நிர்வாகமான பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்று தடையாணை பெற்றது. சங்கம் நடத்துவதே சிவில் குற்றமாகிவிடும் இந்த நிலைக்கு முடிவு கட்ட, 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டப்பேரவையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவு 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். 2025 நவம்பரில் விடைபெற்ற 29 சட்டங்களில் அதுவும் ஒன்று.

ஊதியம்

நான்கு தொகுப்புகளில் தொழிலாளருக்கு ஐயமின்றி ஆதாயம் தருவது ஊதியத் தொகுப்பு. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், அட்டவணையில் அரசு சேர்த்த வேலைகளுக்கு மட்டுமே பொருந்தியது. அட்டவணையில் இல்லாத வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. புதிய தொகுப்பு அட்டவணையை நீக்கி, எல்லா வேலைகளுக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்று விதித்தது. எந்த மாநிலமும் கீழே இறங்கக் கூடாத தரைமட்ட ஊதியம் ஒன்றை மத்திய அரசு அறிவிக்க வேண்டும். ஒரு மாநிலம் ஏற்கெனவே அதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருந்தால் குறைக்க முடியாது.

அந்தத் தரைமட்டம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. சட்ட வலுவில்லாத பரிந்துரையாக இப்படியொரு தொகை 1996 முதலே வழக்கில் இருந்தது. 2017இல் அது நாளொன்றுக்கு 176 ரூபாய். 2019இல் இரண்டு ரூபாய் கூடி 178 ஆனது. அதே 2019இல் அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு 375 ரூபாயைப் பரிந்துரைத்திருந்தது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்துக்குத் தேவையான கலோரி, துணி, வாடகை, எரிபொருள் ஆகியவற்றைக் கொண்டு ஊதியத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தது. கல்வி, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக இன்னும் 25 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும் என்று ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த அளவுகோல்களைப் பின்பற்றும் எவரும் 178இல் வந்து நிற்க முடியாது. தரை என்ற சொல்லுக்கு உள்ள மதிப்பு, அறிவிக்கப்படும் தொகையைப் பொறுத்தது.

அலுவலகங்களில் அதிகம் பேசப்பட்டது ஊதியத்தின் புதிய வரையறை. வீட்டு வாடகைப் படி, பயணப் படி போன்ற விலக்குகள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளை ஊதிப் பெருக்கும் பழைய உத்திக்கு இது மாற்று. மாதம் 40,000 ரூபாய் பெறும் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 12,000, படிகள் 28,000 என்று கொள்வோம். படிகள் பாதியான 20,000ஐவிட 8,000 கூடுதல். ஆகவே அவருடைய ஊதியம் இனி 20,000. ஆண்டுக்குப் பதினைந்து நாள் என்ற கணக்கில் பத்தாண்டுப் பணிக்கொடை பழைய முறையில் ஏறத்தாழ 69,000 ரூபாய். புதிய முறையில் 1,15,000க்கு மேல். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் கூடி, கைக்கு வரும் சம்பளம் குறைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, சட்டப்படியான 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிடித்தம் செய்யப்படுகிறவர்களுக்கு அப்படிக் குறையாது என்று அமைச்சகம் விளக்கியது. வேலையிலிருந்து விலகுபவருக்கும் விலக்கப்படுபவருக்கும் இரண்டு வேலைநாள்களுக்குள் ஊதியக் கணக்கை முடிக்க வேண்டும் என்ற விதியும் இத்தொகுப்பில் உண்டு. மாதக்கணக்கில் 'செட்டில்மென்ட்'டுக்கு நடையாய் நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பத்து, இருபது, முன்னூறு

ஊதியத் தொகுப்பில் வட்டம் விரிந்தது. தொழிலுறவு, பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புகளில் அது பல இடங்களில் சுருங்கியது.

மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர், பயன்படுத்தாத இடத்தில் இருபது பேர் இருந்தால் அது தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் இவை இருபது, நாற்பது என இரட்டித்தன. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த நிறுவனமும் தொகுப்பின் பொது விதிகளுக்குள் வரும் என்பதும், அபாயகரமான வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் இருந்தாலும் தொகுப்பைப் பொருத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதும் உண்மை. ஆனால் தொழிற்சாலைக்கென்று வகுத்த தனி விதிகள் எங்கே பொருந்தும் என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுத் தொழில் பெரும்பாலும் கைவேலை. மருந்து கலக்கும் அறையில் மின் இயந்திரத்துக்கு இடமில்லை. மின்சாரம் இல்லாத இடம் என்ற நாற்பது பேர் வரம்பு இத்தகைய தொழிலுக்குத்தான் நேராகப் பொருந்துகிறது. உள்குத்தகைக்கு விட்டு ஒரே வளாகத்தைப் பல சிறு கூடங்களாக நடத்தும் வழக்கம் அங்கே புதிதல்ல. அபாயத் தொழில் பற்றிய சிறப்பு அறிவிக்கையை அரசு எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தே அங்குள்ளோரின் பாதுகாப்பு அமையும்.

ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்அனுமதி தேவை என்ற விதி நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், தொழிற்தகராறுச் சட்டத்தில் சேர்ந்தது. அப்போது வரம்பு 300 பேர். 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 100 ஆக்கியது. 2014இல் ராஜஸ்தான் தன் எல்லைக்குள் மீண்டும் 300க்கு ஏற்றியது. தொழிலுறவுத் தொகுப்பு அதையே நாடு முழுமைக்கும் ஆக்கிவிட்டது. இன்னும் உயர்த்த வேண்டுமானால் நாடாளுமன்றம் செல்ல வேண்டியதில்லை, அரசின் அறிவிக்கையே போதும். வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றை எழுத்தில் வைக்கும் நிலையாணைகளுக்கும் வரம்பு 100இலிருந்து 300 ஆகியிருக்கிறது. அனுமதி முறை தொழில்கள் வளர்வதைத் தடுத்தது, 99 பேரோடு நின்றுகொள்ளும் நிறுவனங்களை உருவாக்கியது என்பது தொழில்துறையின் நெடுநாள் வாதம். அந்த வாதம் ஆட்குறைப்புக்குப் பொருந்தலாம். நிலையாணைகளுக்கு ஏன் பொருந்த வேண்டும் என்பதற்குத் தெளிவான விடை இல்லை. விதிகளை எழுதி வைப்பதால் எந்த ஆலையும் மூடப்பட்டதில்லை.

ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்குப் பழைய இழப்பீட்டோடு, மறுதிறன் நிதியிலிருந்து பதினைந்து நாள் ஊதியம் கிடைக்கும் என்பது புதியது.

480 நாள்

தமிழ்நாட்டுத் தொழிற்பேட்டைகளில் எவரிடம் கேட்டாலும் தெரியும் எண் ஒன்று உண்டு. 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டப்படி, இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி. அம்பத்தூரிலிருந்து ஓசூர் வரை எத்தனையோ பேர் தொழிலாளர் ஆய்வாளரிடம் மனுப் போட்டு நிரந்தரம் பெற்றது இந்தச் சட்டத்தால்தான். நானூற்றுச் சொச்சம் நாளில் நிறுத்தி, சில வாரம் கழித்துப் புதிய எண்ணில் மீண்டும் எடுத்துக்கொள்வது, பயிற்சியாளர் என்று பெயர் மாற்றுவது போன்ற உத்திகள் பெருகியதற்கும் அதே சட்டம்தான் காரணம்.

இப்போது அதற்கு எதிரே நிற்பது குறித்த கால வேலைவாய்ப்பு. 2018இல் விதித் திருத்தம் மூலம் எல்லாத் தொழில்களுக்கும் திறந்துவிடப்பட்ட இம்முறை, தொழிலுறவுத் தொகுப்பில் சட்டத் தகுதி பெற்றது. ஓராண்டோ ஈராண்டோ எழுத்து ஒப்பந்தத்தில் நிறுவனமே நேரடியாக ஆள் எடுக்கும். நிரந்தரத் தொழிலாளிக்குச் சமமான ஊதியமும் சலுகையும் உண்டு. பணிக்கொடைக்கு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டாம், ஓராண்டு போதும். இடைத்தரகர் இல்லாமல் வேலை என்ற அளவில், காண்ட்ராக்டர் வழியே எடுக்கப்படுவதைவிட இது மேல். ஆனால் காலம் முடிந்தால் வேலை தானாக முடியும். அது ஆட்குறைப்பு ஆகாது, இழப்பீடும் இல்லை. ஒப்பந்தத்தை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்று தொகுப்பு வரையறுக்கவில்லை. பத்தாண்டு வேலை செய்தும் ஒருவர் குறித்த காலத் தொழிலாளியாகவே இருந்துவிட முடியும்.

தமிழ்நாட்டில் ஒருவருடைய ஈராண்டு ஒப்பந்தம் 480 நாளைத் தாண்டினால் என்ன ஆகும்? தொழிலுறவுத் தொகுப்பு நீக்கிய சட்டங்கள் மூன்று: 1926, 1946, 1947ஆம் ஆண்டுகளின் மத்தியச் சட்டங்கள். மாநிலத்தின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருப்பதால், இரண்டும் முரண்படுகின்றனவா, முரண்பட்டால் எது நிற்கும் என்பது அரசியலமைப்பின் 254ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் தீர்க்க வேண்டியது. தமிழ்நாட்டுத் தொழிலாளரைப் பொறுத்தவரை நான்கு தொகுப்புகளும் எழுப்பியுள்ள கேள்விகளில் விளைவு மிகுந்தது இதுவே என்று சொல்லலாம்.

காண்ட்ராக்ட் முறைக்கான வரம்பும் 20 பேரிலிருந்து 50 ஆகியிருக்கிறது. நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு. உடனே விலக்குகளையும் அடுக்குகிறது. துப்புரவு, காவல், உணவகம், தோட்டம் போன்றவை மையப் பணி அல்ல, அந்த நிறுவனம் அவற்றுக்காகவே அமைக்கப்பட்டதாக இருந்தாலொழிய. இந்தக் கடைசிச் சொற்றொடரின் கனம் 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தெரிந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் அங்கே அமர்ந்தனர். 13ஆம் தேதி இரவு காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. சென்னைத் தொழிலாளர் சங்கத்தோடு நின்றவரின் பெயர் ஒரு மண்டலத்துக்கு இருப்பது தற்செயல்தான். தனியார் அலுவலகத்துக்குத் துப்புரவு துணைப்பணி. நகரைச் சுத்தமாக வைப்பது மாநகராட்சிக்கோ சட்டக் கடமை. மாநகராட்சி துப்புரவுக்காக 'அமைக்கப்பட்ட' நிறுவனமா என்ற வாதம் புதிய தொகுப்பின் கீழ் எழுவது உறுதி.

ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் அதில் இருந்தவர் தானாக நிரந்தரம் ஆகிவிடமாட்டார் என்று 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006இல் கர்நாடக அரசு–உமாதேவி வழக்கு, முறையான தேர்வின்றி வந்த அரசுத் தற்காலிக ஊழியருக்கு நிரந்தரம் கோரும் உரிமை இல்லை என்றது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாக்கி, பல்லாண்டு நிலையான வேலை வாங்கியவர்களை அரசு கைவிடுவது தவறு என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் கண்டித்தது. அவ்வழக்கில் வென்றவர்கள் மத்திய நீர்வள ஆணைய அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கியவர்களும் தோட்ட வேலை செய்தவர்களும்தான்.

வேலைநிறுத்தம்

2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். ஊதிய உயர்வு முதலிய கோரிக்கைகள் இருந்தாலும் சிக்கலின் முடிச்சு ஒன்றுதான்: சி.ஐ.டி.யு. தொழிற்சங்கத்தின் துணையோடு தொடங்கிய சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருக்கலாமா என்ற ஆட்சேபம் எழுந்தது. பதிவாளர் முடிவெடுக்காமல் இருந்தார். விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடைசிக் காலப் பெரிய வழக்குகளுள் ஒன்று, அச்சட்டத்துக்குக் காரணமான ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது.

இந்தப் போராட்டத்தைப் புதிய தொகுப்பின் கண்ணாடி வழியே பார்த்தால் ஆதாயமும் இழப்பும் ஒருங்கே தெரியும். பதிவான சங்கத்தோடு நிர்வாகம் பேசித்தான் ஆக வேண்டும் என்று பழைய மத்தியச் சட்டம் சொன்னதில்லை. மகாராஷ்டிரத்தின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் போன்ற விதிவிலக்குகள் தவிர, அங்கீகாரம் என்பது நிர்வாகத்தின் விருப்பம். புதிய தொகுப்பு, பதிவேட்டில் உள்ளோரில் 51 விழுக்காட்டினரைக் கொண்ட சங்கத்தை ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. அப்படி ஒன்று இல்லையென்றால் 20 விழுக்காடு உள்ள சங்கங்களைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு. தொழிற்சங்கங்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டது இது.

ஆனால் பேச்சு முறிந்தால் கையில் இருக்கும் ஆயுதம் மழுங்கியிருக்கிறது. பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு விதி இப்போது எல்லா நிறுவனங்களுக்கும் உண்டு: அறிவிப்புக் கொடுத்துப் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும், அறுபது நாளுக்குள் நடத்த வேண்டும். அறிவிப்பு வந்ததும் சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டினால் சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டதாகப் பொருள். அது நடக்கும்போதும் முடிந்து ஏழு நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. விவகாரம் தீர்ப்பாயம் சென்றால் அது முடிந்து அறுபது நாள் வரை கூடாது. பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குப் பழைய அபராதம் 50 ரூபாய் வரை. இப்போது 1,000 முதல் 10,000 வரை, அல்லது ஒரு மாதச் சிறை. சட்டவிரோதக் கதவடைப்புக்கு நிர்வாகம் செலுத்த வேண்டிய அபராதமும் ஒரு லட்சம் வரை ஏறியிருக்கிறது. தொகை பெரிதுதான், ஆனால் கதவடைப்பு செய்யும் நிறுவனத்துக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் அபராதம் ஒரே விதமாக வலிப்பதில்லை. வேலைநிறுத்தம் தடை செய்யப்படவில்லை. சட்டப்படி அதை நடத்தும் வாசல் மிகக் குறுகிவிட்டது.

நேரம், இரவு, இருக்கை

நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற அளவு தொடர்கிறது. கூடுதல் நேர வேலைக்கு (ஓ.டி.) இரட்டிப்பு ஊதியமும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. தொழிலாளியின் சம்மதமும் வேண்டும். இடைவேளை சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்து நான்கு நாள் வேலை வாரம் அமைக்கலாம் என்ற விளக்கம்தான் சர்ச்சைக்குரியது. கோவிட் காலத்தில் குஜராத் அரசு பன்னிரண்டு மணி வேலையை ஓ.டி. இரட்டிப்பு இன்றி அனுமதித்தபோது, பெருந்தொற்று என்பது தொழிற்சாலைச் சட்டம் சொல்லும் 'பொது நெருக்கடி' ஆகாது என்று 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை நீக்கியது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறிய, இதே பன்னிரண்டு மணி வேலைக்கு வழிதிறந்த தொழிற்சாலைகள் திருத்த மசோதா, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்த நிலையில், மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்திய சென்னையில், சரியாக நூறாண்டு கழித்து அது நடந்தது.

பெண்களின் இரவுப்பணியைத் தொகுப்பு சம்மதத்தின் பேரில், பாதுகாப்பு ஏற்பாடுகளோடு அனுமதிக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. தொழிற்சாலைச் சட்டத்தின் இரவுத் தடை பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே நீக்கி, நிபந்தனைகளையும் வகுத்திருந்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொகுப்புகளுக்கு வெளியே தனியாக நிற்கிறது. பத்துப் பேர் இருந்தால் உள்ளகக் குழு, அதற்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு என்று அதிலும் ஒரு தலைக்கணக்கு உண்டு. குழு இருக்கிறது என்பதற்கும் இயங்குகிறது என்பதற்கும் உள்ள தூரத்தைக் குறைக்கும் வழி ஒன்று சட்டத்துக்கு வெளியே பிறந்தது. 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு வாங்குநர்களும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டன. ஆலைக்குள்ளேயே பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர் கண்காணிப்பார்கள்; ஆலை தவறினால் ஆர்டர் பாதிக்கப்படும்.

மகப்பேறு விடுப்பு 2017 முதல் 26 வாரம். இரண்டு குழந்தை உள்ளவருக்கு 12 வாரம். முதல் மணவாழ்வில் இரு குழந்தைகள் பெற்று, மறுமணத்துக்குப் பின் மீண்டும் தாயான தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டதை 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் தவறு என்றது. மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

சிறிய சட்டம் ஒன்று பெரிய மாற்றம் செய்ததும் இக்காலத்தில்தான். துணிக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்த பெண்கள் கேரளத்தில் நடத்திய போராட்டத்தால் 2018இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாடு 2021இல் 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ பிரிவைச் சேர்த்தது. இந்தப் பிரிவில் தலைக்கணக்கு எதுவும் இல்லை. கடையில் ஒருவர் இருந்தாலும் இருக்கை உண்டு.

செயலித் தொழிலாளர்

உணவு கொண்டுவருபவர், வாடகை வண்டி ஓட்டுபவர் போன்றவர்களை இந்தியச் சட்டம் முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைத்தது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில். அவர்கள் 2020–21இல் 77 லட்சம் பேர் இருந்தனர், 2029–30இல் 2.35 கோடி ஆவர் என்று நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. ஆனால் இவர்களைக் குறிக்கும் 'கிக் தொழிலாளர்' என்பவர் மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உள்ளவர் என்று வரையறையே சொல்லிவிடுகிறது. ஆகவே குறைந்தபட்ச ஊதியமும் வேலை நேர வரம்பும் அவர்களுக்குப் பொருந்தாது, கிடைப்பது நலத்திட்டம். 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்று ஏற்று, ஊதியமும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் தரச் சொன்னதோடு ஒப்பிட்டால் இந்திய வழி வேறு.

நலத்திட்டத்துக்கான பணத்தைச் செயலி நிறுவனங்கள் தர வேண்டும்: ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு. அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. தொழிலாளருக்குக் கொடுத்த தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. விற்றுமுதல் 100 கோடியும் தொழிலாளருக்குக் கொடுத்தது 10 கோடியும் உள்ள நிறுவனத்துக்கு முதற்கணக்கு ஒரு கோடியிலிருந்து இரண்டு கோடி. உச்சவரம்பு அதை ஐம்பது லட்சத்தில் நிறுத்திவிடும். தொழிலாளருக்குக் குறைவாகக் கொடுக்கும் நிறுவனம் நிதிக்கும் குறைவாகக் கொடுக்கிறது.

மாநிலங்கள் முந்திக்கொண்டன. ராஜஸ்தான் 2023இல் நாட்டின் முதல் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. கர்நாடகம் 2025இல் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளருக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு நலக் கட்டணம் விதித்தது. தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றாமல், உடலுழைப்புத் தொழிலாளருக்கான 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2023 டிசம்பரில் நலவாரியம் அமைத்தது. இந்த மாநிலத்துக்குப் பழகிய வழி அது. வாரியத்தில் பதிந்தால் விபத்து உதவியும் பிற உதவிகளும் கிடைக்கும். மின் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்கு 20,000 ரூபாய் மானியம் 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. செயலி ஒருவரின் கணக்கைக் காரணம் சொல்லாமல் முடக்கினால் எங்கே முறையிடுவது என்பதற்கு வாரியத்தில் விடை இல்லை. கர்நாடகச் சட்டம், கணக்கை நீக்குவதற்குமுன் காரணமும் அறிவிப்பும் கேட்கிறது.

ஆய்வாளர்

இவை அனைத்தையும் நடைமுறைப்படுத்த வேண்டியவரின் பதவிப்பெயரும் மாறியிருக்கிறது. முன்பு ஆய்வாளர், இப்போது ஆய்வாளரும் வழிகாட்டியும் ஒருவரே. எந்த நிறுவனத்துக்கு எவர் செல்வது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் ஒதுக்கலாம். 'இன்ஸ்பெக்டர் ராஜ்' என்று தொழில்துறை நெடுங்காலம் குறைகூறிய கையூட்டுக்கு இது மருந்தாகலாம். ஆனால் முன்னறிவிப்பின்றி எந்தப் பணியிடத்திலும் நுழையும் அதிகாரம் ஆய்வாளருக்கு வேண்டும் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 81ஆவது உடன்படிக்கை; இந்தியா 1949இலேயே அதை ஏற்றது. புதிய முறை அந்த உடன்படிக்கையோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்பதை விதிகளின் நுணுக்கம் காட்டும். மாநில அரசுகளும் தத்தம் எல்லைக்கு விதி வகுக்க வேண்டியிருக்கிறது. அதுவரை முரண்படாத பழைய விதிகள் தொடரும் என்பது மத்திய அரசின் நிலை.

ஊதியத் தொகுப்பின்படி, குறைந்தபட்ச ஊதியம் தராத நிறுவனத்தின் மீது உடனே வழக்குத் தொடர முடியாது. முதலில் எழுத்து மூலம் அவகாசம் தந்து திருத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். திருத்திக்கொண்டால் வழக்கு இல்லை. அதே தவறு ஐந்தாண்டுக்குள் மீண்டும் நடந்தால்தான் அவகாசம் கிடையாது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை உச்ச அபராதத்தில் பாதியைக் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் தொகுப்பு இடம் தருகிறது.